ஒரே ஹீட், ஒரே ஹார்ட்னெஸ், ஆனால் சார்பி மூன்றில் ஒரு பங்கு: பெய்னைட் எஃகில் குளிரும் வேகம் என்னதான் செய்கிறது?

கொல்லுப்பட்டறை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஃபோர்ஜிங் பட்டறையில் தரச்சோதனை பார்க்கிறேன். படித்தது மெக்கானிக்கல், உலோகவியல் அரைகுறைதான். மூன்று வாரமாகத் தூக்கத்தைக் கெடுக்கும் ஒரு விஷயம், யாராவது புரியவையுங்கள்.

எஃகு (ஆறும்போது பெய்னைட் என்ற நுண்ணமைப்பாக மாறும் வகை): கார்பன் 0.22, மாங்கனீசு 1.5, சிலிக்கான் 1.2, குரோமியம் 1.2, மாலிப்டினம் 0.1 சதவீதம். 1200 டிகிரி பக்கம் சூடாக்கி அடித்து, கன்வேயரில் காற்றிலேயே ஆறவிடுகிறோம். எண்ணெயில் முக்குவதில்லை, டெம்பரும் (ஆறிய பின் மறுபடி மிதமாகச் சூடாக்குவது) இல்லை. அந்தச் செலவை மிச்சம் பிடிக்கத்தானே இந்த எஃகுக்கே மாறினோம். உருப்படியில் ஒரு பக்கம் 60 மி.மீ. தடித்த குடம் (ஹப்), மறுபக்கம் 15 மி.மீ. விளிம்பு.

ஒரு ஷிஃப்டில் உருப்படிகள் இடைவெளி விட்டு கன்வேயர் கடைசிவரை போய் ஆறியிருக்கின்றன. இன்னொரு ஷிஃப்டில் பாதி வழியிலேயே எடுத்து இரும்புத் தொட்டியில் குவித்துவிட்டார்கள். இரண்டிலிருந்தும் குடத்தை வெட்டிச் சோதித்தேன்.

ஹார்ட்னெஸ் (கடினம்) இரண்டிலும் ராக்வெல் சி அளவில் 31 முதல் 33. டென்சைல் (இழுத்தால் தாங்கும் உச்ச வலிமை) இரண்டிலும் 1030 மெகாபாஸ்கல் சுமார். ஆனால் ஈல்ட் (நிரந்தரமாக நீளத் தொடங்கும் அளவு) பரப்பியதில் 740, குவித்ததில் 610. அறை வெப்பநிலைச் சார்பி (சுத்தியலால் அடித்து உடைக்கும்போது துண்டு உறிஞ்சும் ஆற்றல்) பரப்பியதில் 38 ஜூல், குவித்ததில் 11 ஜூல்.

ஹீட் (ஒரே தடவை உருக்கிய எஃகு) ஒன்றுதான், வேதிப்பகுப்பும் மறுபடி பார்த்தாச்சு. மெதுவாக ஆறினால் ஹார்ட்னெஸ் இறங்கும் என்றுதானே படித்தோம்? அது அசையவே இல்லை. பிறகு எப்படி மற்றதெல்லாம் சரிந்தது?

---

சிசிடி_வளைவு எழுதியது:

நல்ல தரவு. ஆராய்ச்சி மாணவன் நான், டைலடோமீட்டர் (உருமாறும்போது எஃகின் நீளம் மாறுவதை அளக்கும் கருவி) முன்னால்தான் பாதி வாழ்க்கை போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பெய்னைட் எந்த வெப்பநிலைக்குக் கீழே தொடங்கலாம் என்பதற்கு ஸ்டீவனும் ஹேய்ன்ஸும் 1956இல் கொடுத்த சூத்திரம் இன்றும் கைகொடுக்கும்: 830இலிருந்து 270×கார்பன், 90×மாங்கனீசு, 37×நிக்கல், 70×குரோமியம், 83×மாலிப்டினம் கழித்துக்கொள்ளுங்கள். உங்கள் எஃகுக்கு ஏறக்குறைய 543 டிகிரி வருகிறது. அதற்கும் கீழே பிறக்கும் கடினமான மார்ட்டென்சைட்டுக்கு அவர்களுடைய சூத்திரம் 385 டிகிரி பக்கம் காட்டுகிறது. (சிலிக்கான் இந்தச் சூத்திரங்களில் இல்லவே இல்லை. உங்களுக்கு 1.2 சதவீதம் இருக்கிறது, ஆகவே எண்ணைத் தோராயமாகவே எடுங்கள்.)

ஆக, ஏறத்தாழ 160 டிகிரி அகலத்துக்கு ஒரு ஜன்னல். அதற்குள் எங்கே உருமாறினாலும் பெயர் பெய்னைட்தான். 530இல் பிறந்ததும் பெய்னைட், 420இல் பிறந்ததும் பெய்னைட். சான்றிதழில் ஒரே சொல், கையில் இருப்பது இரண்டு வேறு பொருள்கள்.

குளிரும் வேகம் நேரடியாக எதையும் செய்வதில்லை என்பது என் கட்சி. ஆஸ்டெனைட் (உயர்ந்த சூட்டில் எஃகு இருக்கும் வடிவம்) எந்த வெப்பநிலையில் உடைகிறது என்பதை அது நகர்த்துகிறது, அவ்வளவுதான். வேகமாக ஆறினால் உருமாற்றம் கீழே தள்ளப்படும். அங்கே உந்துவிசை அதிகம், கார்பன் நகர நேரம் குறைவு, ஆஸ்டெனைட்டும் வலுவாக இருக்கும். ஆகவே தகடுகள் மெல்லியதாக வரும். பெய்னைட் தகடு ஒன்றின் தடிமன் பொதுவாக 0.2 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். வலிமையின் பெரும்பங்கு அந்தத் தடிமனிலிருந்தும் உள்ளே சிக்கிய டிஸ்லொகேஷன்களிலிருந்தும் (படிக அடுக்கின் கோட்டுப் பிசகுகள்) வருகிறது.

ஐசோதெர்மல் படத்தை, அதாவது ஒரே வெப்பநிலையில் நிறுத்திப் பார்க்கும் டிடிடியை, வைத்து இதைப் பேசாதீர்கள். கன்வேயரில் எதுவும் ஒரே வெப்பநிலையில் நிற்பதில்லை. தொடர்ந்து ஆறும்போது வரைந்த சிசிடி படம்தான் வேண்டும்.

---

பழைய_உலை எழுதியது:

தம்பி கொல்லுப்பட்டறை, முப்பத்தஞ்சு வருஷம் உலைக்கு முன்னாடி நின்னவன் கேக்கறேன். தொட்டியில போடும்போது உருப்படி என்ன சூட்டுல இருந்துது? யார் அளந்தா, எதால அளந்தா?

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

ஐயா, பைரோமீட்டர் துப்பாக்கியால் ஒரு நாள் நின்று பார்த்தேன். 550 பக்கம் காட்டியது. ஆபரேட்டரிடம் எப்போது தொட்டியில் போடுவீர்கள் என்று கேட்டால், "சிவப்பு போனதும் போட்டுருவேன் சார்" என்கிறார்.

---

பழைய_உலை எழுதியது:

அங்கதான் இருக்கு விஷயம். இரும்போட சிவப்பு கும்மிருட்டுல 525 டிகிரி வரைக்கும் மங்கலாத் தெரியும். வெளிச்சமான பட்டறையில அதுக்கும் மேலயே கண்ணுக்கு மறைஞ்சிடும். உன் எஃகுல பெய்னைட் தொடங்கறது 543னு மேல கணக்குப் போட்டிருக்காங்க. சிவப்பு மறையற இடமும் பெய்னைட் பிறக்கற இடமும் ஒண்ணாப் போச்சு. "சூடு போயிடுச்சு"ன்னு அவர் நெனைக்கற நேரத்துலதான் உள்ள கதையே ஆரம்பிக்குது.

அப்புறம் அந்தத் துப்பாக்கி. மேல இருக்கற ஆக்சைடு செதில் உடம்புலேருந்து பேந்து நின்னா அது தனியா ஆறிடும், துப்பாக்கி செதிலோட சூட்டைத்தான் சொல்லும். கம்பி பிரஷ்ஷால ஒரு இழுப்பு இழுத்துட்டு உடனே அளந்து பாரு. எண் ஏறும்.

தொட்டியில குவிச்சா ஒண்ணோட சூட்டை இன்னொண்ணு காப்பாத்தும். நடுவுல கெடக்கறது மணிக்கணக்கா ஆறாது. ஆக, உன் சோதனையில மாறினது 1200லேருந்து 550 வரைக்கும் உள்ள வேகம் இல்ல. 550லேருந்து 400 வரைக்கும் உள்ளது மட்டும்தான்.

---

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

இரண்டு துண்டையும் எட்ச் செய்து (அமிலத்தால் லேசாக அரித்து) பார்த்தீர்களா? நைட்டாலில் (ஆல்கஹாலில் கலந்த நைட்ரிக் அமிலம்) மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் கம்பளியாகத்தான் தெரிந்திருக்கும். 500 மடங்குப் பெரிதாக்கத்தில் பெய்னைட்டைப் பார்த்து "மேல் பெய்னைட், கீழ் பெய்னைட்" (உயர்ந்த சூட்டில் பிறந்தது, தாழ்ந்த சூட்டில் பிறந்தது) என்று துணிந்து சொல்பவர்களை நான் நம்புவதில்லை. நானே பத்து வருடம் அப்படிச் சொன்னவன்.

லெபெரா எட்ச் போடுங்கள். எத்தனாலில் 4 சதவீத பிக்ரிக் அமிலம், தண்ணீரில் 1 சதவீத சோடியம் மெட்டாபைசல்ஃபைட், இரண்டையும் சம அளவில் அப்போதுதான் கலக்க வேண்டும். நேற்று கலந்தது இன்று வேலை செய்யாது. துண்டை 10 முதல் 20 நொடி அதில் பிடித்தால் போதும். பெய்னைட் பழுப்பாக வரும். மார்ட்டென்சைட்டும் எஞ்சிய ஆஸ்டெனைட்டும் கலந்த எம்-ஏ தீவுகள் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும். பிக்ரிக் அமிலம் காய்ந்தால் வெடிக்கும், புட்டியை ஈரமாகவே வையுங்கள், மூடியின் மரையில் தூள் படிய விடாதீர்கள். இதை ஒவ்வொரு இழையிலும் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன்.

என் ஊகம்: குவித்த துண்டில் மூன்று நான்கு மைக்ரோமீட்டர் அளவில், மூலைகள் கொண்ட வெள்ளைக் கட்டிகள் தெரியும். பரப்பியதில் அதே வெள்ளை, மெல்லிய கோடுகளாக, தகடுகளுக்கு நடுவே ஓடும்.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

போட்டேன் சார். நீங்கள் எழுதியதைப் பார்த்துக்கொண்டே படம் எடுத்தது போல இருந்தது. குவித்த துண்டில் அரிசி உடைத்துத் தூவினாற்போல வெள்ளைக் கட்டிகள். பரப்பியதில் கட்டியும் இருக்கிறது, ஆனால் குறைவு. பெரும்பாலும் நூல் போன்ற கோடுகள்.

சரி, நுண்ணமைப்பு வேறு என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹார்ட்னெஸ் ஏன் ஒன்றாக இருக்கிறது? அது இன்னும் பிடிபடவில்லை.

---

சிசிடி_வளைவு எழுதியது:

ஹார்ட்னெஸ் கருவியின் கூம்பு அழுத்தும் குழி, உங்கள் தீவுகளைவிட நூறு மடங்கு பெரியது. அது சராசரியைச் சொல்கிறது. குவித்த துண்டில் தாய்ப்பொருள் மெத்தென்ற ஃபெர்ரைட் (கார்பன் மிகக் குறைந்த இரும்பு), ஏனென்றால் அது மேலே, உயர்ந்த சூட்டில் பிறந்தது: தகடு தடிப்பு, டிஸ்லொகேஷன் குறைவு. அதற்கு நடுவே கார்பன் நிறைந்த கடின மார்ட்டென்சைட் கட்டிகள். மெத்தையும் கல்லும் சேர்ந்த சராசரி 32. பரப்பிய துண்டில் எல்லாம் ஓரளவு சீரான கடினம். அதற்கும் சராசரி 32.

ஈல்ட்தான் காட்டிக்கொடுக்கிறது. இழுக்கும்போது மெத்தென்ற ஃபெர்ரைட் முதலில் வழுக்கத் தொடங்கிவிடும். ஆகவே 610இலேயே வளைவு சாயும். பிறகு கடினக் கட்டிகள் சுமையை வாங்கிக்கொண்டு வேகமாக வலுவேறும். கடைசியில் டென்சைல் அதே 1030க்கு வந்து சேரும். உங்கள் டென்சைல் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். குவித்ததில் நேர்க்கோடு எங்கே முடிகிறதென்றே தெரியாமல் வட்டமாக வளைந்திருக்கும்.

கட்டி ஏன் உண்டாகிறது என்பதைச் சொல்லியாக வேண்டும், இந்தச் சிக்கலின் முடிச்சே அதுதான். பெய்னைட் வளர வளர கார்பன் எஞ்சிய ஆஸ்டெனைட்டுக்குள் தள்ளப்படுகிறது. உங்கள் எஃகில் சிலிக்கான் இருப்பதால் அந்தக் கார்பன் சிமென்டைட்டாக (இரும்புக் கார்பைடாக) வெளியேற வழியில்லை. ஆஸ்டெனைட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும். ஓர் அளவுக்கு மேல் கார்பன் ஏறினால் அந்த ஆஸ்டெனைட் பெய்னைட்டாக மாறவே மாட்டேன் என்று நின்றுவிடும். டி-பூஜ்யக் கோடு என்பது அந்த எல்லை. வெப்பநிலை உயர உயர அந்த எல்லை குறைந்த கார்பனிலேயே வந்துவிடுகிறது. ஆக, 520இல் உருமாறினால் வேலை சீக்கிரமே நின்றுபோகும், மாறாத ஆஸ்டெனைட் பெரிய பெரிய துண்டாக மிஞ்சும். 430இல் என்றால் வெகுதூரம் நடந்த பிறகே நிற்கும். மிஞ்சுவது மெல்லிய படலம்.

மெல்லிய படலத்தில் கார்பன் செறிவு அதிகம், சுற்றிலும் தகடுகளின் அழுத்தம் வேறு, ஆகவே அது உறுதியாக நிற்கும். கட்டி அப்படியில்லை. ஆறும்போதே ஒரு பகுதி மார்ட்டென்சைட் ஆகிவிடும், மீதி சார்பிச் சுத்தியல் அடிக்கிற கணத்தில் ஆகும். டெம்பர் ஆகாத, கார்பன் நிறைந்த மார்ட்டென்சைட் கட்டி, மெத்தென்ற ஃபெர்ரைட்டுக்கு நடுவே. விரிசல் தொடங்க அதைவிட நல்ல இடம் வேண்டுமா? அதுதான் 11 ஜூல்.

---

உருமாற்றவாதி எழுதியது:

ஒரு திருத்தம். "கார்பன் தள்ளப்படுகிறது" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டீர்கள். தகடு வளரும்போதே தள்ளப்படுகிறதா, வளர்ந்த பின்னரா? தகடு மார்ட்டென்சைட் போல வெட்டுநகர்வால் (அணுக்கள் ஒன்றாகச் சாய்ந்து நகர்வதால்) வளர்கிறது என்பதை எல்லாரும் ஏற்பதில்லை. 1972இல் ஹெஹமன், கின்ஸ்மன், ஆரன்சன் மூவரும் ஒரே கட்டுரையில் இரு பக்கமாக நின்று விவாதித்த விஷயம் இது.

---

சிசிடி_வளைவு எழுதியது:

தெரியும். பெய்னைட் தகட்டின் மேற்பரப்புச் சாய்வைப் பார்த்தவன், நான் வெட்டுநகர்வுக் கட்சி. நீங்கள் பரவல் (அணுக்கள் தனித்தனியாக நகர்வது) கட்சியானாலும் உயர்ந்த சூட்டில் கட்டி பெரிதாகும் என்பதில் உங்களுக்கு மாற்றுக்கருத்து உண்டா?

---

உருமாற்றவாதி எழுதியது:

இல்லை. ஆனால் காரணம் முக்கியம்.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

அந்தச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது, நானூறு பதிவுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. இங்கே தொட்டிப் பிரச்சினை மட்டும்.

---

பற்றுக்கோல் எழுதியது:

பற்றவைப்புத் துறையிலிருந்து. எங்களுக்கு இது தினப்படிக் கதை. 800இலிருந்து 500 டிகிரிக்கு இறங்க எத்தனை நொடி என்பதுதான் எங்கள் அளவுகோல். வெப்பத்தை அதிகம் கொட்டிப் பற்றவைத்தால் அந்த நேரம் நீளும், சூடுபட்ட பகுதியில் இதே எம்-ஏ கட்டிகள் வரும். ஹார்ட்னெஸ் வரம்புக்குள் இருக்கிறதென்று ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார், சார்பி வந்து கவிழ்க்கும்.

உங்கள் விஷயத்தில் எங்கள் அளவுகோலும் உதவாது போலிருக்கிறதே? 800–500 இரண்டு ஷிஃப்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், வித்தியாசம் முழுக்க அதற்குக் கீழே.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

அதேதான் எனக்கும் தோன்றுகிறது. சரி, அப்படியென்றால் கன்வேயரில் பெரிய விசிறி வைத்து எல்லாவற்றையும் வேகமாக ஆற்றிவிட்டால்? மேலாளர் இன்றைக்கே விசிறி வாங்கச் சொல்கிறார். எஃகு கொடுத்தவர்கள் ஜோமினி வரைபடமும் (ஒரு முனையில் மட்டும் தண்ணீர் அடித்து ஆற்றிய கம்பியின் நீளவாக்கில் ஹார்ட்னெஸ்) தந்திருக்கிறார்கள், அது கிட்டத்தட்ட நேர்க்கோடு. "எப்படி ஆறவிட்டாலும் ஒன்றுதான்" என்று அதைக் காட்டித்தான் விற்றார்கள்.

---

பழைய_உலை எழுதியது:

அந்த நேர்க்கோட்டைக் கண்டு மயங்காதே தம்பி. ஜோமினிக் கம்பியில தண்ணி படற முனையில நொடிக்கு 270 டிகிரி மாதிரி எறங்கும். 50 மி.மீ. தள்ளிப் போனாக்கூட நொடிக்கு 2 டிகிரி. உன் குடம் காத்துல ஆறறது நொடிக்கு அரை டிகிரிகூட இருக்காது. நீ நிக்கற எடம் அந்தக் கம்பியோட வால் முனைக்கும் அப்பால. அதுவும் அது காட்டறது ஹார்ட்னெஸ். உன் தலைவலியே ஹார்ட்னெஸ்ல தெரியாததுதானே.

விசிறி விஷயத்துல அவசரப்படாதே. குடத்துக்குத் தோதா விசிறி வெச்சா 15 மி.மீ. விளிம்பு ரெண்டு மடங்கு வேகத்துல ஆறும். ஒரு பட்டறையில பாத்தேன், விளிம்புல சி 42 வந்து துளைபோடற டிரில் ஒண்ணொண்ணா முறிஞ்சுது. உருப்படி ஜாதி வேற, ஆனா பாடம் இதுதான். காத்து குடத்துப் பக்கம் மட்டும் படட்டும், விளிம்புக்கு ஒரு தகட்டை மறைப்பா நிறுத்து.

---

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

விளிம்பில் கொஞ்சம் மார்ட்டென்சைட் வந்தால் அதுவே பாவம் என்று ஒதுக்க வேண்டாம். முதலில் வந்த பெய்னைட் தகடுகள் ஆஸ்டெனைட் மணியைக் கூறுபோட்டுவிடும்; பிறகு வரும் மார்ட்டென்சைட் அந்தச் சிறு அறைகளுக்குள்தான் வளர முடியும். அந்தக் கலப்பு தாங்குதிறனில் தனி பெய்னைட்டைவிட நன்றாக இருந்ததும் உண்டு. எந்திர வேலைக்குத்தான் தொல்லை.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

டெம்பர் செய்து காப்பாற்ற முடியுமா? தொட்டியில் ஆறிய உருப்படிகள் நிறையக் கிடக்கின்றன.

---

சிசிடி_வளைவு எழுதியது:

250, 300 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்தால் கட்டிக்குள் உள்ள மார்ட்டென்சைட் சற்று இளகும், ஈல்டும் ஏறும். ஆனால் கட்டியின் அளவு அதேதான், சார்பி 38க்கு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். 450, 500க்கு ஏற்றினால் எஞ்சிய ஆஸ்டெனைட்டே உடைந்து, கட்டி இருந்த இடத்தில் கார்பைடு கூட்டமாக உட்காரும், அது இன்னும் மோசமாகலாம். மறுபடி ஆஸ்டெனைட் வரை சூடாக்கிச் சரியாக ஆறவிடுவதுதான் நேர்வழி. செலவு உங்கள் தலையில்.

புதிய உருப்படிகளுக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். குடத்தின் நடுவரை துளைபோட்டுத் தெர்மோகப்பிள் செருகி, ஒன்றைக் கன்வேயரிலும் ஒன்றைத் தொட்டிக் குவியலின் நடுவிலும் விடுங்கள். உருமாறும்போது வெளிவரும் வெப்பம் வளைவில் தானாகத் தெரியும். டைலடோமீட்டர் இல்லாமலே உருமாற்ற வெப்பநிலை கையில் கிடைக்கும்.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். தெர்மோகப்பிள் இரண்டு முறை கம்பி அறுந்தது, மூன்றாவது முறைதான் முழு வளைவு கிடைத்தது.

கன்வேயரில் போனது: 600க்குக் கீழே நிமிடத்துக்கு 25 டிகிரி மாதிரி இறங்குகிறது. 470 பக்கம் வந்ததும் சரிவு தளர்ந்து கொஞ்ச நேரம் படுத்துக்கொள்கிறது, 420க்குப் பிறகு மறுபடி பழைய சரிவு.

தொட்டி நடுவில் போட்டது: நிமிடத்துக்கு மூன்று, நான்கு டிகிரி. 510இல் நின்றது. பிறகு இறங்கவில்லை, ஏறியது! 516 வரை போய், அரை மணி நேரம் அங்கேயே சுற்றிவிட்டுத்தான் இறங்க ஆரம்பித்தது. முதலில் கருவி கெட்டுவிட்டதென்று நினைத்தேன். ஆபரேட்டரையும் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். "தீ இல்லாம எப்படி சார் சூடு ஏறுது?" என்றார்.

---

சிசிடி_வளைவு எழுதியது:

அருமை. குவியலில் அக்கம்பக்கத்து உருப்படிகளும் அதே நேரத்தில் உருமாறி வெப்பம் விடுகின்றன, வெளியே போக வழியில்லை. தானே தன்னை உயர்ந்த சூட்டில் பிடித்துவைத்துக்கொண்டு கரடுமுரடாக மாறுகிறது. 470க்கும் 515க்கும் 45 டிகிரி வித்தியாசம், அதுதான் உங்கள் 38க்கும் 11க்கும் நடுவில் இருப்பது. குறைகார்பன் பெய்னைட் எஃகுகளில் இர்வினும் பிக்கரிங்கும் 1950களில் காட்டியதும் இந்தத் தொடர்புதான்: உருமாற்ற வெப்பநிலை இறங்க இறங்க டென்சைல் 600இலிருந்து 1200 மெகாபாஸ்கல் வரை ஏறியது. அவர்களுடைய எஃகில் டென்சைலே அசைந்தது. உங்களுடையதில் எம்-ஏ கட்டிகள் அதை மூடி மறைத்துவிட்டன.

---

பழைய_உலை எழுதியது:

இப்போ தெரியுதா, தொட்டி கெட்டதில்ல, போடற நேரம்தான் கெட்டது. 350க்குக் கீழ எறங்கினப்புறம் தாராளமாக் குவி. உருமாற்றம் பெரும்பாலும் முடிஞ்சிருக்கும். அதுக்கப்புறம் மெதுவா ஆறினா தானே கொஞ்சம் டெம்பர் ஆகிக்கும், ஹைட்ரஜன் இருந்தா அதுவும் வெளியேற நேரம் கெடைக்கும். மேல வேகம், கீழ நிதானம்.

---

கொல்லுப்பட்டறை எழுதியது:

ஐயா சொன்னபடி ஒரு ஷிஃப்ட் ஓட்டினோம். குடத்துப் பக்கம் சின்ன விசிறி, விளிம்புக்குத் தகட்டு மறைப்பு, கம்பி பிரஷ் போட்டு அளந்து 350க்குக் கீழே வந்த பிறகே தொட்டி. ஈல்ட் 755, சார்பி மூன்று துண்டுகளில் 36, 41, 39. விளிம்பில் சி 35, டிரில் பிழைத்தது.

ஹார்ட்னெஸ் குடத்தில் 32. வாடிக்கையாளரின் படத்தில் குடத்துக்குக் கேட்டிருப்பதும் அந்த ஓர் எண்ணைத்தான். கிடக்கும் பழைய உருப்படிகளும் அந்தக் கணக்கில் பாஸ், அனுப்பலாமே என்கிறார் மேலாளர். படத்தில் சார்பியைச் சேர்க்கச் சொல்லி வாடிக்கையாளருக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை அந்தத் தொட்டிகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன்.

தொட்டியின் ஓரத்தில் கிடந்தவை நடுவில் கிடந்தவற்றைவிட நன்றாக இருக்க வாய்ப்புண்டா? ஆறிய பிறகு எது ஓரம், எது நடு என்று பிரிக்க யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

---

நுண்ணோக்கிக்காரன் எழுதியது:

ஓரத்தில் கிடந்தது சற்று நன்றாகவே இருக்கும். ஆனால் வெட்டாமல் பிரிக்க வழியில்லை. செதிலின் நிறத்தை வைத்துப் பிரிக்கலாம் என்று யாராவது வந்து சொல்வார்கள், கேட்காதீர்கள்.